நாற்காலிகளுக்கு நடுவே நின்றவர்

அந்த ஆன்ட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. டெக்சஸில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. நடுவில் ஒரு மரவேலி மட்டும். கறிவேப்பிலைக்கென்றும் உறைமோருக்கென்றும் நான் அந்தப் பக்கம் போகாத வாரமே கிடையாது. அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் நாற்காலியிலோ சோபாவிலோ, ஏன், மாடிப்படியிலோகூட உட்கார்ந்திருந்ததாக ஞாபகம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், அந்த வீட்டில் இருந்த அளவுக்கு உட்காரும் சாமான்கள் எங்கள் சப்டிவிஷனில் வேறெந்த வீட்டிலும் இல்லை. வெல்வெட் போட்ட சாய்வு சோபாக்கள். இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்தபடி பேசுவதற்கென்று எஸ் எழுத்துபோல வளைந்த ஒரு இருக்கை. பெரிய பாவாடை கட்டியவர்கள் உட்காரும்படி கைப்பிடி இல்லாமல் செய்த தாழ்வான நாற்காலிகள். ஒவ்வொன்றின் காலிலும் சிங்கப் பாதமோ பூவோ செதுக்கியிருக்கும். போனவர்களை உட்கார வைக்காமல் விடவும் மாட்டார்.

"வா கண்ணு, உக்காரு. அதுல வேண்டாம், இதுல உக்காரு. ஜன்னல் வெளிச்சம் உன்ற மூஞ்சில விழுந்தா லட்சணமா இருக்கும்."

உட்கார்ந்ததும் காப்பி வரும். காப்பியைக் கொடுத்துவிட்டு ஆன்ட்டி பின்னாலேயே நகர்ந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொள்வார். இரண்டு கையையும் வயிற்றுக்கு மேல் கோத்திருப்பார். பார்வை என் முகத்தில் இருக்காது, கையிலிருக்கும் கப்பில் இருக்கும். கப் காலியாவதற்கும் அவர் கை நீளுவதற்கும் நடுவில் இடைவெளியே இருக்காது.

"நீங்களும் உட்காருங்க ஆன்ட்டி."

"இருக்கட்டும் கண்ணு. நின்னா எனக்குக் கால் வலிக்காது."

அவருக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அங்கிள் எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் இன்ஜினீயராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரே பையன். அவனும் படிப்பு முடித்து கலிஃபோர்னியாவில் பே ஏரியாவுக்குப் போய்விட்டான். அதற்கு முன்னால் அந்த வீடும் எங்கள் வீடு மாதிரிதான் இருந்தது என்று தெருவில் சொல்வார்கள். பில்டர் அடித்துக்கொடுத்த அதே சந்தன நிறச் சுவர், அதே கிரானைட் மேடை, டிவிக்கு முன்னால் அங்கிளின் ரிக்ளைனர். பையன் போன வருஷம், நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் லீவில் ஆன்ட்டியும் அங்கிளும் பக்கத்து மாநிலமான லூசியானா பக்கம் காரில் போனார்கள். அங்கே ஆற்றங்கரை நெடுகக் கரும்புத் தோட்டக்காரர்கள் கட்டிய பழைய மாளிகைகள் இருக்கின்றன. உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்கள். போய்விட்டு வந்த வாரமே ஆன்ட்டி ஏணி போட்டு ஏறி, அங்கே பார்த்த மாதிரியே முன்வாசல் போர்ச்சின் கூரைக்கு வெளிர் நீலம் அடித்தார். ஆரம்பம் அதுதான்.

நாங்கள் குடிவந்தபோது வேலை பாதி நடந்துகொண்டிருந்தது. முதல் தடவை நான் உள்ளே போனபோது ஆன்ட்டி ஃபயர்பிளேஸுக்கு முன்னால் குனிந்து நின்று, வான்கோழி இறகைப் பெயின்டில் தோய்த்துச் சாதாரண மரச் சட்டத்தின்மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பின்னணியில் சாம்பலும் வெள்ளையுமாக மெல்லிய நரம்புகள் ஓடின. தொட்டுப் பார்க்கிறவரை பளிங்குக்கல் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"அந்தக் காலத்துப் பெரிய வீடுகள்லயும் இப்படித்தான் கண்ணு. பளிங்கு கிடையாது, எல்லாம் மரம். பெயின்ட் அடிச்சுப் பளிங்காக்கி வெச்சிருந்தாங்க. பாதி வீடு வேஷம்தான்."

யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை என்றார். கை தானாக ஓடுகிறது என்றார். அப்போது அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் வீட்டை அலங்கரிப்பதில் ஆசை உண்டு. அந்த வருஷமெல்லாம் ஆன்ட்டி பின்னாலேயே சுற்றினேன். ஜன்னல் திரையை ஏன் தரையில் ஒரு முழம் புரளும்படி விட வேண்டும், ரசம் மங்கிய பழைய கண்ணாடியை எங்கே மாட்டினால் மெழுகுவர்த்தி இரட்டிப்பாகத் தெரியும், விதானத்தின் நடுவில் பிளாஸ்டர் பூ வைத்து அதிலிருந்து சாண்ட்லியரைத் தொங்கவிடுவது எப்படி, எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவர் கைபட்ட அறைக்குள் போனால் வெளியே ஹூஸ்டன் போகும் ஃப்ரீவே இருப்பதே மறந்துபோகும். சத்தம்கூட அந்தக் கனத்த திரைகளைத் தாண்டி உள்ளே வராது.

முன்னறைச் சுவர் முழுக்க ஆயில் பெயின்ட்டிங் மனிதர்கள். யாரோ இறந்துபோன பிறகு அவர்கள் வீட்டுச் சாமான்களை விற்கும் இடங்களுக்கெல்லாம் போய் வாங்கி வந்தவை. இறுக்கிக் கட்டிய கழுத்துப்பட்டையோடு ஆண்கள், கையில் மூடிய விசிறியோடு பெண்கள். அந்தப் படங்களிலிருந்த யாரையும் ஆன்ட்டிக்குத் தெரியாது. விற்றவர்களுக்கே தெரியாது.

"ராத்திரி எந்திரிச்சு வந்தா பயமா இருக்காதா ஆன்ட்டி, இத்தனை பேர் பாத்துட்டிருந்தா?"

"என்னை எங்க பாக்கறாங்க? நீ இங்க வந்து நின்னு பாரு."

கதவோரம் அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார். பார்த்தேன். உண்மைதான். எல்லாப் படங்களின் கண்களும் நாற்காலிகளின்மேல் இருந்தன. அறையில் வேறெங்கு நின்றாலும் யாராவது ஒருவர் நம்மைப் பார்ப்பார். அந்த மூலையில் மட்டும் ஒரு பார்வையும் விழவில்லை.

"எப்படி மாட்டினாலும் அந்த மூலைக்கு யாரும் திரும்ப மாட்டேங்கறாங்க," என்றார் ஆன்ட்டி. சொல்லும்போது சின்னதாகச் சிரித்தார். எனக்கு உடனே அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும்போல இருந்தது.

மே மாதம் வெயில் ஏறியதும் அந்த வீட்டில் இன்னொரு மாற்றம் வரும். அமெரிக்காவின் தெற்கத்தி மாளிகைகளில் கோடையில் தூசும் பூச்சியும் படாமலிருக்க எல்லாச் சாமான்களுக்கும் வெள்ளைத்துணி உறை போடுவார்களாம். கண்ணாடிகளையும் சாண்ட்லியரையும் மெல்லிய சல்லாத்துணியால் மூடிவிடுவார்களாம். ஏசி ஓடும் வீட்டில் எதற்கு அது என்று யாரும் கேட்கவில்லை, ஆன்ட்டியும் சொல்லவில்லை. முதல் கோடையில் இது எனக்குத் தெரியாது. கதவு திறந்திருந்தது, உள்ளே போனேன். அறை முழுக்க வெள்ளை. நம் ஊரில் எதை வெள்ளைத்துணியால் மூடுவோமோ அது நினைவுக்கு வந்தது. எதிரே கதவோரம் ஆன்ட்டி வெளிர் நிறச் சேலையில் நிற்பது தெரிந்தது.

"என்ன ஆன்ட்டி, வீட்டுக்கு பெயின்ட் அடிக்கறீங்களா?" என்று பேசிக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"அதெல்லாம் இல்ல கண்ணு," என்று பதில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆன்ட்டி சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார். நான் பேசியது துணி போர்த்திய ஒரு நெட்டைக் கடிகாரத்திடம். கடிகாரம்தான். அப்புறம் நானே போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஆனாலும் நான் பேசியபோது அது தலையைச் சற்றே திருப்பியது என்ற எண்ணத்தை இன்றுவரை என்னால் விரட்ட முடியவில்லை.

சாப்பாட்டு அறையைத்தான் அவர் கடைசியில் எடுத்தார். அதற்கு வெகுநாள் ஆயிற்று. நீண்ட மேஜை, உயரமான முதுகுள்ள நாற்காலிகள், தங்கக் கரை போட்ட பீங்கான் தட்டுகள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். "இன்னும் வரல கண்ணு. என்னவோ பொய்யா இருக்குது." பிறகு ஒருநாள் அங்கிளைக் கராஜில் உட்கார வைத்து ஒரு பெரிய மரப்பலகையை அறுக்கச் சொன்னார். பலகைக்கு வீணைக்குடம் மாதிரி ஒரு வளைவு. அதற்கு மஹாகனி நிறம் ஏற்றி மேஜைக்கு மேலே கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். அதன் அடியிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு கப்பி வழியாக அறையின் மூலைக்குப் போயிற்று. இழுத்தால் பலகை முன்னும் பின்னும் ஆடி மேஜைமேல் காற்று வீசும். வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் ஆபீஸ்களில் இருந்ததே, அந்தப் பங்காதான்.

"அந்த ஊர் மாளிகைகள்ல எல்லாம் இது இருக்குது. நம்ம பக்கத்துல இருந்துதான் அங்க போச்சாம். பாத்தியா, எங்க இருந்து எங்க வந்திருக்குதுன்னு," என்றார்.

அந்தத் தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மதியம் ஆன்ட்டி வீட்டில் விருந்து. யாரை வேண்டுமானாலும் கூட்டி வா என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்க்கும் டெனீஸை அழைத்துப் போனேன். டெனீஸுக்கு நம் சாப்பாடென்றால் உயிர். கறுப்பினப் பெண். அம்மா வழியில் அவள் குடும்பம் லூசியானாவின் அதே ஆற்றங்கரையிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்தவர்கள்.

முன்னறையில் நுழைந்ததுமே டெனீஸ் பேச்சைக் குறைத்துவிட்டாள். சாப்பாட்டு அறையில் எங்களையும் அங்கிளையும் உட்கார வைத்து, ஆன்ட்டி பீங்கான் தட்டில் சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் பரிமாறினார். முதல் வாய் எடுத்திருப்போம். தலைக்கு மேல் காற்று அசைந்தது. டெனீஸ் நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். பிறகு கயிறு போன வழியே அவள் பார்வை மெல்ல நகர்ந்து மூலைக்குப் போயிற்று. அங்கே ஆன்ட்டி நின்று இழுத்துக்கொண்டிருந்தார்.

டெனீஸ் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கயிறை யார் இழுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரல் தன்மையாகத்தான் இருந்தது.

"தெரியும். டூர்ல சொன்னாங்க," என்றார் ஆன்ட்டி தன்னுடைய ஆங்கிலத்தில். "அடிமைங்க. அதுலயும் சின்னப் பசங்க. தூங்கிட்டா அடி விழும்."

"என் அம்மாவோட முன்னோர் ஒருத்தங்க அப்படி ஒரு வீட்டுலதான் பிறந்தாங்க."

அங்கிள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு மட்டும் நிற்கவில்லை. கப்பி கீச்சென்று போய்க் கீச்சென்று வந்தது.

"தெரிஞ்சும் ஏன் இதை மாட்டி வெச்சிருக்கீங்க?"

ஆன்ட்டி யோசித்தார். "சேர் வாங்கினேன். கண்ணாடி வாங்கினேன். தட்டு, விளக்கு, எல்லாம். எல்லாம் வெச்சும் ரூம் பொய்யா இருந்துச்சு. உக்கார இடம் இவ்வளவு இருக்குது, நிக்கறதுக்கு ஆள் இல்ல. நின்னவங்களைக் காட்டாம சேரை மட்டும் காட்டினா அது பொய்தான?"

டெனீஸ் எழுந்தாள். நாற்காலி பின்னால் உரசிய சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலைக்குப் போய் ஆன்ட்டிக்கு எதிரே நின்று கையை நீட்டினாள்.

"அங்க நின்னவங்க யாரும் இஷ்டப்பட்டு நிக்கல, மேடம். கயிறைக் குடுங்க. வந்து உட்காருங்க."

ஆன்ட்டி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கயிற்றை ஏந்தி, கோயிலில் எதையாவது ஒப்படைப்பதுபோலக் கொடுத்தார். டெனீஸ் அதைச் சுவர்க்கொக்கியில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பலகை ஆடி ஆடி நின்றது. டெனீஸ் திரும்பி வந்தாள். ஆன்ட்டி வரவில்லை. ஒரு தப்படி தள்ளி, பழையபடி கையைக் கோத்துக்கொண்டு நின்றார்.

டெனீஸை அவள் வீட்டில் விட நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஃப்ரீவே ஏறியதும் சொன்னாள்: "கோபமாத்தான் எழுந்து போனேன். எஜமானியம்மா வேஷம் போடறாங்கன்னு நினைச்சேன். பக்கத்துல போய் முகத்தைப் பாத்தா அப்படி இல்ல. அவங்க அந்த வீட்டுக்கு எஜமானியே இல்ல." இறங்கும்போது, "ஆனா என்னை இனிமே அங்க கூப்பிடாத. நான் கயிறை வாங்கினப்போ அது சூடா இருந்துச்சு. ஒரே ஒரு ஆள் பிடிச்ச சூடு இல்ல அது," என்றாள்.

அடுத்த வாரம் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிள் கராஜில் இருந்தார். ரிக்ளைனரும் டிவியும் எப்போதோ அங்கே போய்விட்டன. அவரும் பாதி நாள் அங்கேதான். என்னைப் பார்த்ததும் டிவியை மியூட் பண்ணினார்.

"உன்ற சினேகிதி வருத்தப்பட்டுட்டாங்களாம்மா?"

"அதெல்லாம் இல்ல அங்கிள்."

அவர் நம்பவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த முதல் டூர்லயே நான் கவனிச்சிருக்கணும். ஒரு பெரிய வீட்டுச் சாப்பாட்டு ரூம். எல்லாரும் மேல சாண்ட்லியர போட்டோ எடுத்துட்டிருந்தாங்க. கைடு பொண்ணு கதவோரமா தரையக் காட்டுச்சு. பலகை லேசா குழிஞ்சிருந்துச்சு. பரிமாற நின்னவங்க காலங்காலமா அந்த ஒரே இடத்துல நின்னு தேஞ்சதுன்னு சொல்லுச்சு. எல்லாரும் உச்சுக்கொட்டிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. இவ செருப்பக் கழட்டிட்டு அந்தக் குழியில காலை வெச்சா. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சும்மா. டூர் முடிஞ்சுதுன்னு கூப்பிட்டும் நகரல. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. கார்ல ஏறினப்புறம், 'அங்க நிக்கறப்ப நம்ம பழைய வீடு தெரிஞ்சுது'ன்னா."

"எந்தப் பழைய வீடு அங்கிள்?"

"எங்க வீடுதான். கோபியில. நான் இவளக் கட்டிட்டு வந்தப்போ அது பெரிய கூட்டுக்குடும்பம். அண்ணனுக, சித்தப்பனுக, தோட்டத்து ஆளுக, விருந்தாளின்னு பந்தி பந்தியா ஓடும். இவ கடைசி மருமக. சமையக்கட்டு வாசல்படி ஓரமா சொம்பு புடிச்சுட்டு நிப்பா. காலையில நின்னா மத்தியானம் எல்லாரும் கை கழுவற வரைக்கும் நிப்பா. பையன் வயித்துல இருந்தப்பவும் நின்னா. ஒருத்தரும் உக்காரும்மான்னு சொல்லல." ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும்தான் சொல்லல. அங்கதான் உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தேன்."

"இப்ப சொல்லிப் பாக்கலாமே."

"தினமும் சொல்றேன். 'நீங்க உக்காருங்க'ங்கறா."

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஆன்ட்டிமேல் இருந்த பயம் குறைந்து பாசம் கூடியது. ஆனால் அப்படியே நீடிக்கவில்லை. பங்குனி மாதம், பொழுது சாயும் நேரம், அவர்கள் வீட்டு எலுமிச்சம்பழத்தில் போட்ட ஊறுகாயில் ஒரு பாட்டில் கொடுக்கப் போனேன். சாப்பாட்டு அறைக்குத் தரைவரை நீண்ட ஜன்னல். என்றும் மூடியிருக்கும் திரை அன்று விலகியிருந்தது. மெழுகுவர்த்திகள் எரிந்தன. மேஜை முழுக்கத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் சாதம், சாதத்திலிருந்து ஆவி. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மறுபடி எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நாற்காலிகள் மேஜையோடு ஒட்டி இல்லை. ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு விலகியிருக்குமோ அவ்வளவு விலகியிருந்தன.

ஆன்ட்டி தன் மூலையில் நின்றார். அவருக்கு நேரெதிர் மூலையில், முழங்கால் வலியால் ஒரு காலைச் சற்று மடக்கிக்கொண்டு, அதே மாதிரி கையைக் கோத்து, அங்கிளும் நின்றுகொண்டிருந்தார். டெனீஸ் கட்டிய கயிறு கொக்கியில் கட்டியபடியே தொய்ந்து கிடந்தது. பலகை ஆடிக்கொண்டிருந்தது.

ஏசி காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஊறுகாயைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அங்கிள் தபால் எடுக்க வந்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் மறைக்கவில்லை.

"உக்காருன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா. சரி, ஒரு வேளையாவது அவகூட நானும் நிக்கலாம்னு தோணுச்சும்மா."

"நின்னீங்களா?"

"நின்னேன்." தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். "மேஜைகிட்ட உக்காந்து பாக்கறப்ப சேரெல்லாம் காலியாத்தான் இருக்குது. அந்த மூலையில நின்னு பாத்தா அப்படித் தெரியல. அது மட்டும் இல்லம்மா. நாங்க ரெண்டு பேரும் மட்டும் நிக்கலங்கறதும் தெரிஞ்சுது. எனக்குப் பக்கத்துல மூச்சுச் சத்தம் கேட்டுச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "பயப்படாத. யாரும் ஒண்ணும் பண்ணல. ரொம்பக் களைச்சுப்போன மூச்சு. அவ்வளவுதான்."

அந்தக் கோடையில் பையன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். வீடு வெள்ளை உறைகளுக்குள் இருந்தது. மருமகள் முதல் நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டாள். குழந்தை ஆளில்லாத மூலையைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரிக்கிறது, தன்னால் அங்கே தூங்க முடியாது என்றாள். பையன் வேலியோரம் வந்து என்னிடம் புலம்பினான்.

"அக்கா, இது வீடா மியூசியமா? அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எல்லாம் நார்மல்ங்கறாங்க. அப்பாவும் அம்மா பக்கம் சேர்ந்துக்கிட்டார். பேசாம வீட்டை செல் பண்ணிட்டு பே ஏரியா வந்துருங்கன்னு சொல்லப்போறேன். பெரிய சண்டை வரும்."

சண்டை வரவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் ஆன்ட்டி, "வித்துரலாம் சாமி," என்றாராம்.

சாமான்களை வீட்டிலேயே வைத்து விற்றார்கள். இரண்டு நாள் தெருவெல்லாம் கார். முன்பின் தெரியாதவர்கள் சோபாக்களில் உட்கார்ந்து பார்த்தார்கள், நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவர் அழுவார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முகத்தில் வருத்தமே இல்லை.

"கஷ்டமா இல்லையா ஆன்ட்டி?"

"அந்த ஆத்தங்கரையில இருக்கறது மாதிரி இங்க ஒண்ணு பண்ணிப் பாத்தேன் கண்ணு. அவங்களும் பாவம், நம்பி வந்துட்டாங்க. இது அவங்க வீடு இல்ல. அவங்க இருக்க வேண்டியது அங்க. நான்தான் அங்க போகணும்."

யார் வந்துவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

அவர்கள் பே ஏரியாவுக்குப் போகவில்லை. முதன்முதலில் போய்ப் பார்த்த அந்த ஆற்றங்கரை மாளிகைக்குப் பக்கத்துச் சிறு டவுனில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பையன் தலையில் அடித்துக்கொண்டான். மாளிகையில் கைடு வேலைக்கு ஆள் பற்றாக்குறை. ஆன்ட்டி போய் நின்றார், எடுத்துக்கொண்டார்கள். அங்கிள் வாசலில் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறார். இதெல்லாம் போனில் தெரிந்த செய்தி.

போன தேங்க்ஸ்கிவிங் லீவில் நானும் ஸ்கூலில் படிக்கும் என் மகளும் காரில் போனோம். காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருந்தோம். வெள்ளைத் தூண்கள், இரண்டு பக்கமும் பாசி தொங்கும் மரங்கள், அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. சுடிதாரும் நெஞ்சில் ஒரு பேட்ஜுமாக ஆன்ட்டி வந்து என் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். இளைத்திருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கடைசி டூரில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

மற்ற கைடுகள் விளக்கு எந்த தேசத்திலிருந்து வந்தது, திரைத்துணி என்ன பட்டு என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஆன்ட்டி அதில் எதையும் சொல்லவில்லை. இந்தப் படியில் தண்ணீர் சுமந்து ஏறியது யார், இந்தக் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தது யார், குழந்தைக்குப் பால் கொடுத்தது யார் என்று சொன்னார். பெயர் தெரிந்த இடத்தில் பெயரைச் சொன்னார். தெரியாத இடத்தில், "இங்க ஒருத்தர் இருந்தாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார். உடைந்த ஆங்கிலம்தான். கூட்டத்தில் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை.

மூடும் நேரமாயிற்று. மஞ்சள் வெயில் தூண்களில் ஏறியிருந்தது. கூட்டம் படியிறங்கிப் போய்க் கார்களில் ஏறியது. மற்ற கைடுகளும் கிளம்பிவிட்டார்கள். நானும் மகளும் வாசற்படியின் நடுவில் நின்று ஆன்ட்டிக்காகக் காத்திருந்தோம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. ஆன்ட்டி அந்தப் பெரிய கதவை முதுகால் சாய்த்துத் திறந்து பிடித்தபடி நின்றார். சாவி கையில் இருந்தது. பூட்டவில்லை.

"ஆன்ட்டி, எவ்ரிபடி லெஃப்ட்," என்றாள் என் மகள்.

"இல்ல கண்ணு. இன்னும் வந்துட்டிருக்காங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். நீண்ட நடை இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் இல்லை. ஆன்ட்டியின் தலை மட்டும் மெல்ல அசைந்தது. கோயிலில் கூட்டத்தை வெளியே விடுகிறவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து அசைப்பார்களே, அப்படி. உதடு அசைந்தது. ஆங்கிலமில்லை, நம் பாஷைதான்.

"வாங்க. பாத்து, படி இருக்குது. போயிட்டு வாங்க. வாங்கம்மா. மெதுவா."

ஒவ்வொரு தடவையும் அவர் பார்வை வாசலிலிருந்து புறப்பட்டு, படியில் இறங்கி, எங்களைக் கடந்து, கரும்புக்காட்டுப் பக்கம் போகும் பாதைவரை போய்விட்டுத் திரும்பியது. கீழே மரத்தடியில் அங்கிள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். காற்றே இல்லை. கரும்பு மட்டும் ஓரத்தில் விலகி விலகிச் சேர்ந்தது.

மகள் பயந்துவிடுவாளே என்று அவள் கையைப் பிடித்து இழுக்கத் திரும்பினேன். அவள் பயப்படவில்லை. படியில் எங்கள் உயரத்துக்கும் மேலே எதையோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஸ்கூலில் பெரியவர்களுக்கு வழிவிடுகிற அதே மரியாதையோடு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, "எக்ஸ்கியூஸ் மீ," என்றாள்.